சாவதற்கும் கடைசித் தேதி

அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு நாள் வரும். தேசிய ஃபுட்பால் லீக்கின் (நம் கால்பந்து இல்லை) 32 அணிகளும் ஆளுக்கு 90 பேரை வெயிலில் போட்டுப் பிழிந்து எடுத்துவிட்டு, அன்றைக்கு 53 பேராகக் குறைக்கும். பெருக்கிப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் சுமார் 1,180 பேருக்கு வேலை இல்லை. அதில் கொஞ்சம் பேரை மறுநாளே 'பயிற்சி அணி' என்று பெயர் வைத்துக் குறைந்த சம்பளத்துக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். ஒரு தொழிற்சாலை ஒரே நாளில் ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பினால் தலையங்கம் எழுதுவோம். இங்கே அது தொலைக்காட்சி நிகழ்ச்சி. கோட்டு போட்டவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, யார் கழன்றார்கள் என்று சிரித்துச் சிரித்து அலசுவார்கள். நடுநடுவே பீர் விளம்பரம்.

கழற்றிவிடப்படுகிறவனைத் தேடித் தலைமைப் பயிற்சியாளர் வர மாட்டார். அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வருவார். ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'டர்க்'. அவர் தோளைத் தொட்டால் கதை முடிந்தது. "கோச் உன்னைப் பார்க்கணுமாம். பிளேபுக்கை எடுத்துக்கிட்டு வா." அவ்வளவுதான் வசனம். பிளேபுக் என்பது அணியின் வியூகங்கள் அடங்கிய கட்டு. இந்தக் காலத்தில் டேப்லெட்டில் இருக்கிறது. ஆளை மறந்தாலும் டேப்லெட்டைத் திரும்ப வாங்க யாரும் மறப்பதில்லை. அது கம்பெனிச் சொத்து.

நட்சத்திரங்களை விட்டுவிடுவோம். அவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. பிலிப் ஆடம்ஸ் என்று ஒருவர். தெற்கு கரோலினாவில் ராக் ஹில் ஊர்க்காரர். சவுத் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2010-இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணி புதுமுகத் தேர்வில் அவரை ஏழாவது சுற்றில் எடுத்தது. ஏழாவது என்றால் கடைசிச் சுற்று. ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே விலை ஏறுவதில்லை. எந்த அணி பெயரைப் படித்ததோ, அங்கே போக வேண்டும்.

அவர் கார்னர்பேக். தற்காப்பு வரிசையில் ஓரத்தில் நிற்கிறவர். எதிரணியின் வேகமான ஆள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று தெரியாமலே, அவன் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி ஓட வேண்டும். பந்து வந்தால் தட்டிவிட வேண்டும். தட்ட முடியாவிட்டால் உடம்பைக் கொடுத்து மோதி ஆளைச் சாய்க்க வேண்டும். நூறு முறை ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. ஒருமுறை சறுக்கினால் வாரம் முழுக்க ஸ்லோ மோஷனில் போடுவார்கள்.

முதல் சீசன் முடிகிற நேரத்தில் கணுக்கால் முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து காலுக்குள் திருகாணிகள் வைத்தார்கள். அடுத்த சீசன் தொடங்குவதற்குச் சற்று முன் அணி அவரைக் கழற்றிவிட்டது. காலில் அத்தனை திருகாணி. ஒப்பந்தத்தில் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் நியூ இங்கிலாந்து. சியாட்டில். ஓக்லாந்து. நியூயார்க் ஜெட்ஸ். அட்லாண்டா. ஆறு சீசனில் ஆறு அணி, 78 ஆட்டம். 2012-இல் ஓக்லாந்தில் மூன்று ஆட்டங்களுக்குள் இரண்டு முறை மூளை அதிர்ச்சி. நம் ஊரில் ஒரு மாற்றல் உத்தரவுக்கே சங்கத்தைக் கூட்டிக் கொடி பிடிப்பார்கள். இந்த மனிதர் பெட்டியைப் பிரிக்காமலே ஆறு வருடம் ஓட்டியிருக்கிறார்.

இந்தத் தொழிலில் ஒப்பந்தம் என்று ஒன்று போடுவது உண்மை. இத்தனை ஆண்டு, இத்தனை லட்சம் டாலர் என்று செய்தியும் வரும். கடைசிச் சுற்று ஆளைப் பொறுத்தவரை அந்தத் தாள் ஒரு கையைத்தான் கட்டும். அது அவன் கை. அவன் விரும்பிய அணிக்குப் போக முடியாது. அணி அவனை விரும்பிய நாளில் விடலாம். சம்பளம் வாரக் கணக்கு. ஆள் போனால் அடுத்த வாரத்துக்குச் சம்பளம் இல்லை.

பாதுகாப்பே இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு தேதி ஒளிந்திருக்கும். நான்கு சீசன் முடித்த அனுபவசாலியின் பெயர் சீசனின் முதல் வாரத்தில் பட்டியலில் இருந்தால், நடுவில் துரத்தினாலும் அந்த ஆண்டுச் சம்பளத்தை அவன் கேட்டு வாங்கலாம். நல்ல விதி. அணிகள் என்ன செய்தன? அனுபவசாலிகள் பலரை முதல் வாரம் முடிந்த பிறகு கூப்பிடப் பழகிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இடம் காலி இல்லை. செவ்வாய்க்கிழமை காலி ஆகிவிடுகிறது. விதி மீறப்படவில்லை, கவனியுங்கள். காலண்டரைத்தான் கொஞ்சம் பார்த்து நடந்துகொண்டார்கள்.

ஓய்வூதியத்துக்கு மூன்று சீசன் வேண்டும். ஒரு ஆட்டக்காரனின் சராசரி ஆட்ட ஆயுள், அவர்கள் சங்கமே சொல்கிற கணக்கில், 3.3 ஆண்டு. எவ்வளவு நுட்பமாகக் கோடு கிழித்திருக்கிறார்கள்! அந்தக் கோட்டைத் தாண்டியவனுக்கு ஓய்வுக்குப் பிறகு ஐந்து ஆண்டு மருத்துவக் காப்பீடு. தலையில் வாங்கிய அடி பத்து, பதினைந்து வருடம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். காப்பீடு அதற்குள் நாகரிகமாக விடைபெற்றுக்கொள்ளும்.

சங்கம் இருக்கிறதே, அது கேட்காதா? கேட்டது. நட்சத்திரங்களுக்கு முழு உத்தரவாதத்தோடு சம்பளம் கொடுக்காதீர்கள் என்று முதலாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டது. உத்தரவாதத்தைக் குறைக்கச் சொல்லி லீக் நிர்வாகம் அணிகளைத் தூண்டியது என்று 2025 ஜனவரியில் வழக்கை விசாரித்த நடுவர் எழுதினார். அணிகள் அதன்படி கூட்டுச் சேர்ந்து நடந்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளியும் விட்டார். அதைக்கூட மன்னிக்கலாம். அந்தத் தீர்ப்பை வெளியே விடுவதில்லை என்று லீக்கும் சங்கமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஜூனில் பத்திரிகையாளர்கள் தோண்டி எடுத்துப் போட்ட பிறகுதான், யாருடைய வயிற்றுக்காக வழக்கு நடந்ததோ அந்த ஆட்டக்காரர்களே அதைப் படித்தார்கள். முதலாளி மறைத்தால் தந்திரம். சங்கம் மறைத்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

"லட்சக்கணக்கில் டாலர் வாங்கினானே, இன்னும் என்ன குறை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்கினான். ஓடியதற்கு வாங்கினான், மோதியதற்கு வாங்கினான். மூளைக்கு யாரும் விலை பேசவில்லை. பேசியிருந்தால் என்ன கேட்டிருப்பான் என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள விடாமல் பார்த்துக்கொள்ளவே லீக் ஒரு மருத்துவக் குழு வைத்திருந்தது. அந்தக் கூத்துக்கு வருகிறேன். முதலில் எதிர்ப்பக்கத்தின் பணப்பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவோம்.

2023 சீசனிலிருந்து பதினோரு ஆண்டுக்கு இந்த லீக்கின் ஒளிபரப்பு உரிமை 11,000 கோடி டாலருக்கு மேல். கோடி டாலர், ரூபாய் இல்லை. 2015 வரை லீக்கின் தலைமை அலுவலகம் வரிவிலக்கு பெற்ற, லாப நோக்கமற்ற அமைப்பு. லாப நோக்கமே இல்லாத அந்த அமைப்பின் தலைவர் ரோஜர் குடெல் 2012-க்கு மட்டும் வாங்கிய சம்பளம் 4.4 கோடி டாலர். சேவை மனப்பான்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்வளவு வைத்திருக்கிறவர்கள் சொந்தக் காசில் ஸ்டேடியம் கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த உலகம் இன்னும் பிடிபடவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. ஆடம்ஸ் ஆடிய ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சியாட்டிலில் கிங்டோம் என்ற பழைய அரங்கை 2000-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தூசி அடங்கப் பதினைந்து வருடம் ஆனது. அதாவது, இல்லாத கட்டடத்துக்கு மக்கள் கடன் கட்டி முடித்தது 2015-இல். அதே இடத்தில் எழுந்த புதிய அரங்குக்கும் 30 கோடி டாலர் பொதுப்பணம். அட்லாண்டாவில் ஜார்ஜியா டோம் 1992-இல் பொதுப்பணத்தில் எழுந்தது. அதன் கடைசிக் காலத்தில் அங்கே ஆடியவர் ஆடம்ஸ். 2017-இல் அதையும் தகர்த்தார்கள். இருபத்தைந்து வயதில் கட்டடத்துக்கு என்ன மூப்பு வந்துவிட்டதோ! பக்கத்திலேயே புதிதாக ஒன்று. அதற்கும் நகரத்தின் விடுதி வரியிலிருந்து 20 கோடி டாலர்.

ஓக்லாந்து கதை இன்னும் ருசியானது. 1995-இல் அணியைத் திரும்ப வரவழைக்க நகரமும் மாவட்டமும் கடன் பத்திரம் வெளியிட்டு அரங்கைப் புதுப்பித்தன. 2020-இல் அணி லாஸ் வேகாஸுக்குப் பறந்தது. கடன் பறக்கவில்லை. ஊரிலேயே தங்கிவிட்டது. லாஸ் வேகாஸ் சும்மா இருக்குமா? 75 கோடி டாலர் எடுத்து நீட்டியது. சூதாட்டம் ஆட்டத்தின் புனிதத்தைக் கெடுத்துவிடும் என்று 2012-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் மீது வழக்குப் போட்டவர்களில் இதே லீக்கும் உண்டு. 2024-இல் அதன் திருவிழாவான சூப்பர் பௌல் நடந்தது சூதாட்டத் தலைநகரில். புனிதத்துக்கு ஏதோ பரிகாரம் செய்திருப்பார்கள் போலிருக்கிறது.

பஃபலோ அணியின் புதிய அரங்குக்கு நியூயார்க் மாநிலமும் எரீ மாவட்டமும் ஒதுக்கியது 85 கோடி டாலர். அணி முதலாளி பெரும் கோடீஸ்வரர். ஏழைகளுக்கு உதவினால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று எச்சரிக்கிறவர்கள் இந்த விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மூளைக்கு வருவோம்.

1994-இல் தலை அடியை ஆராய லீக் ஒரு குழு அமைத்தது. தலைவர் எலியட் பெல்மன். நியூயார்க் ஜெட்ஸ் அணியின் மருத்துவர். நரம்பியல் நிபுணரா? இல்லை. மூட்டுவாத மருத்துவர். முழங்கால் வலிக்கு நீங்கள் தேடிப் போகிற டாக்டர். மூளையைப் பற்றி ஆராய இத்தனை பெரிய நாட்டில் அவர்தான் கிடைத்தார். குழு பதினைந்து வருடம் ஆராய்ந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை என்று கட்டுரை மேல் கட்டுரை போட்டது.

2002-இல் மைக் வெப்ஸ்டர் செத்தார். பிட்ஸ்பர்க் அணிக்காக நான்கு சூப்பர் பௌல் வென்றவர். சொந்த வண்டியிலேயே படுத்துத் தூங்குகிற நிலைக்கு வந்து, ஐம்பது வயதில் போய்ச் சேர்ந்தார். பிரேதப் பரிசோதனை செய்த பென்னெட் ஒமாலு, நைஜீரியாவில் பிறந்த இளம் மருத்துவர், அந்த மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார். பெரும்பாலும் குத்துச்சண்டைக்காரர்களிடம் காணப்பட்டு வந்த சிதைவு அங்கே இருந்தது. சி.டி.இ. என்று அதைச் சொல்கிறார்கள். 2005-இல் கட்டுரை வெளியிட்டார். லீக் குழுவின் மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். மூட்டுவாத மருத்துவருக்கு மூளைச் சீவலில் நம்பிக்கை வரவில்லை.

சி.டி.இ.க்கும் இந்த ஆட்டத்துக்கும் தொடர்பு உண்டு என்று லீக் அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வாய்விட்டுச் சொன்னது 2016-இல். இடையே 2013-இல் ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்கள் போட்ட வழக்கில் லீக் சமரசத்துக்கு வந்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமல், நிவாரணம் மட்டும் தருவதாக ஏற்றது. இதுவரை நூறு கோடி டாலருக்கும் மேல் போயிருக்கிறது. கொடுத்தார்களே என்று கைதட்ட எழுந்தீர்களானால் கொஞ்சம் உட்காருங்கள். எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று பாருங்கள்.

மூளைத் திறன் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பரிசோதிப்பார்கள். அதில் கறுப்பினத்தவருக்குத் தனி அளவுகோல். அவர்களுடைய திறன் தொடக்கத்திலேயே குறைவாகத்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவார்கள். ஆக, மங்கியதை நிரூபிக்க அவர்கள் வெள்ளைக்காரரைவிட இன்னும் ஆழத்துக்கு விழுந்து காட்ட வேண்டும். லீக்கில் ஆடுகிறவர்களில் பெரும்பான்மை கறுப்பர்கள். பிட்ஸ்பர்க்கின் முன்னாள் தற்காப்பு ஆட்டக்காரர் கெவின் ஹென்றியும் இன்னொருவரும் 2020-இல் வழக்குப் போட்ட பிறகுதான் இது ஊருக்குத் தெரிந்தது. அதே 2020-இல் லீக் மைதானத்தின் ஒரு முனையில் 'இனவெறியை ஒழிப்போம்' என்று பெரிய எழுத்தில் பெயிண்ட் அடித்தது. பெயிண்ட் மைதானத்தில். அளவுகோல் பீரோவில். மறுவருடம் அளவுகோலைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2025 சூப்பர் பௌலில் பெயிண்டையும் மாற்றிவிட்டார்கள்.

இனி எழுதப் போவதில் நகைச்சுவைக்கு இடமில்லை. 2021 ஏப்ரலில், தன் சொந்த ஊரான ராக் ஹில்லில், பிலிப் ஆடம்ஸ் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார். ஒரு மருத்துவர், அவர் மனைவி, இரண்டு பேரக் குழந்தைகள், அங்கே வேலைக்கு வந்த இரண்டு தொழிலாளிகள். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது 32. அந்த ஆறு உயிருக்கு எந்த நோயும் சமாதானம் ஆகாது. நோய்தான் சுட்டது என்று நானும் சொல்லவில்லை.

அந்த மூளையை பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். டிசம்பரில் டாக்டர் ஆன் மெக்கீ முடிவைச் சொன்னார். இரண்டாம் கட்ட சி.டி.இ. முன்மூளையின் இரு பக்கமும் வழக்கத்துக்கு மாறான கடுமையான சேதம். யோசிப்பதும் கோபத்தை அடக்குவதும் முன்மூளையின் வேலை.

அதே சமயம் குடும்பத்தார் ஓர் அறிக்கை விட்டார்கள். கடைசி நாட்களில் அவர் லீக்கிடம் உதவி கேட்டுத் தவித்தார். எல்லாக் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது என்றார்கள். காரணம்? விஷயங்களை அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மணிக்கணக்கில் பயணம் செய்து மருத்துவர்களைப் பார்ப்பது, நீண்ட பரிசோதனைகளுக்கு உட்காருவது போன்ற காரியங்கள் அவருக்குக் கைகூடவில்லை. திரும்பப் படியுங்கள். மூளை கெட்டவனுக்கு உதவி வேண்டுமென்றால் மூளை நன்றாக வேலை செய்து காட்ட வேண்டும். ஞாபகம் போய்விட்டது என்று மனுப் போட வருகிறவன் தேதி, நேரம், முகவரி எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு வர வேண்டும். 2023-இல் முன்னாள் ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் லீக்கின் ஊனமுற்றோர் நிவாரணத் திட்டத்தின் மீது வழக்குப் போட்டார்கள். அந்தத் திட்டத்திடம் அதிகக் கட்டணம் வாங்கும் மருத்துவர்கள் அதிகமாக நிராகரிக்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

அந்தப் பெரிய சமரச ஒப்பந்தம் இருந்ததே, அதில் ஆடம்ஸுக்கு ஏன் வழி இல்லை?

தேதி.

2014 ஜூலை 7-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும்தான் அந்த ஒப்பந்தம். அன்றைக்கு அவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். அதாவது, லீக்குக்கு இன்னும் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கான தண்டனை இது.

இன்னொரு தேதியும் உண்டு. வழக்குக்கே மூலகாரணம் சி.டி.இ. ஆனால் உயிரோடு இருப்பவனுக்குச் சி.டி.இ. என்ற பெயரில் ஒரு டாலரும் தருவதில்லை. உயிரோடு இருக்கும்போது அதை உறுதியாகக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இல்லை என்கிறார்கள். சரி, செத்த பிறகு வெட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தால்? தருவார்கள். நாற்பது லட்சம் டாலர் வரைக்கும் தருவார்கள். ஒரு நிபந்தனை. 2015 ஏப்ரல் 22-க்கு முன்பே செத்திருக்க வேண்டும்.

இந்தத் தேதிகளைக் கணக்கர்களும் வக்கீல்களும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதினார்கள். நீதிமன்றம் முத்திரை குத்தியது. கட்டடம் செத்துப் பதினைந்து வருடம் கழித்தும் அதற்குப் பணம் கட்ட மக்களால் முடிந்தது. ஆள் செத்தால் மட்டும் மாதம், தேதி பார்க்கிறார்கள். ஆடம்ஸ் ஓய்வு பெற்றதும் தாமதம், இறந்ததும் தாமதம். அவரோடு அதே ஆறு வருடம் களத்தில் மோதி, அவரைப் போலவே 2014-க்குப் பிறகு விடைபெற்ற எத்தனையோ பேர் இப்போது முப்பதுகளின் கடைசியில் இருக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் அவர்களுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது.